எலி கடித்த வயர்

வயரை வெட்டியது டிரைவரின் மனைவிதான்.

செவ்வாய்க்கிழமை காலை அவர் முடிவெட்டிக்கொள்ளப் போனதும், அடுப்படிக் கத்தரிக்கோலை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வீட்டை ஒட்டியிருந்த தகரக் கொட்டகைக்குப் போனாள். கார் கதவைத் திறந்து ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் அந்த இருக்கையில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. சாவி போடும் துளைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியபோது ஒரு கொத்து வயர் விரலில் தட்டுப்பட்டது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, கீரைக்கட்டின் வேரை நறுக்குகிற மாதிரி ஒரே நறுக்கு. பளீரென்று ஒரு பொறி பறந்தது. மூடிய இமைக்குள்ளும் அந்த வெளிச்சம் தெரிந்தது. கீழே இறங்கி, கத்தரிக்கோலைக் கழுவி அதன் ஆணியிலேயே மாட்டிவிட்டு, வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். டிரைவர் திரும்பி வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. வெங்காயம் கையில் இருந்ததால் அவர் எதுவும் கேட்கவில்லை.

அவர் முப்பத்து நான்கு வருடம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் தெருவுக்கு அவர் டிரைவர்தான். ஒரு கோழியைக்கூட அடித்ததில்லை என்று சொல்வார், அது உண்மையும்கூட. அந்தக் காரே கோழிகளிடமிருந்து மீட்டதுதான். ஒரு மில் முதலாளி வீட்டுப் பின்கட்டில், பின் சீட்டில் கோழிகள் முட்டையிட்டுக்கொண்டிருந்த வண்டியை இரும்பு விலைக்கு வாங்கி, நாலு வருடம் கிடந்து ஓட வைத்தார். வண்டி அவரைவிட இரண்டு வயது மூத்தது. சாவியைத் திருப்பினால் கரண்ட் மட்டும் வரும், சிவப்பு விளக்கு எரியும். இன்ஜின் கிளம்புவதற்குத் தனியாக ஒரு குமிழைப் பிடித்து இழுக்க வேண்டும். மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து அவளை இதில்தான் கொண்டுவந்தார்கள். அவளைப் 'பாப்பா' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பாப்பாவுக்குத் திங்கட்கிழமைதான் ஒரு பெண் பிறந்திருந்தது. மருமகன் கப்பலில் வேலை. கரைக்கு வர இன்னும் ஒரு மாதம். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குத் தாயையும் பிள்ளையையும் அனுப்புவதாக ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். "ரெண்டு தலைமுறையும் ஒரே வண்டியில" என்று திங்கட்கிழமையிலிருந்து டிரைவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அதைக் கேட்கும்போதெல்லாம் அவர் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், சாப்பாட்டு மேஜையில் அவர் கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. கண் திறந்திருந்தது. ஆனால் ஆள் இல்லை. உதடு மட்டும் எதையோ மெல்வதுபோல அசைந்தது. அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். கொஞ்ச நேரம் கழித்து, "உப்பு கம்மியா இருக்கு" என்றார், நடுவில் ஒன்றுமே நடக்காததுபோல. இரண்டாவது தடவை காரில். மார்க்கெட்டிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தார்கள். வண்டி தானாகவே ஓரம் சாய்ந்தது, நடைபாதையில் ஏறியது, செருப்புத் தைக்கிறவர் விரித்து வைத்திருந்த பெரிய குடையை நசுக்கிக்கொண்டு கம்பத்துக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. செருப்புத் தைக்கிறவர் டீ குடிக்கப் போயிருந்தார். திரும்பிப் பார்த்தபோது டிரைவரின் உதடு மென்றுகொண்டிருந்தது. நினைவு வந்ததும், "ஸ்டியரிங் ஒரு பக்கமா இழுக்குது. டயர்ல காத்து கம்மி" என்று இறங்கிப் போய்க் காற்றடித்துக்கொண்டு வந்தார். புதுக் குடையும் வாங்கிக் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அவள் நடந்ததைச் சொன்னபோது சிரித்தார். சிரித்துவிட்டு, பாப்பாவிடம் இதைச் சொல்லக் கூடாது என்று பாப்பா மேலேயே சத்தியம் வாங்கிக்கொண்டார்.

வயர் அறுந்து கிடந்ததைப் பார்த்ததும் எலி என்று முடிவு கட்டியதும் அவர்தான். கொட்டகையில் ரொட்டித் துண்டு வைத்துப் பொறியும் வைத்தார். மூன்று நாளாக எதுவும் சிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு எலக்ட்ரீஷியன் வந்தான். நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். எந்த வண்டியைப் பார்த்தாலும் "மொதல்ல ஃபியூஸைப் பாப்போம்" என்று ஆரம்பிப்பதால் அவனுக்கு ஃபியூஸ் என்றே பேர் விழுந்துவிட்டது. வானம் மூடிக்கொண்டு புழுங்கியது. மழை வருவதுபோல் இருந்தது, வரவில்லை. தகரக் கூரைக்கு அடியில் நின்றாலே முதுகில் வியர்வை ஊர்ந்தது. அவன் முதலில் பேட்டரியின் முனையைக் கழற்றி ஓரமாக வைத்தான். பிறகு சட்டையைக் கழற்றி மட்கார்டில் போட்டுவிட்டு, டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, மல்லாக்கப் படுத்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தான். கால் இரண்டும் கதவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

டிரைவர் ஸ்டூல் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். காலையிலேயே குளித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை அணிந்து, கைக்கடிகாரமும் கட்டியாகிவிட்டது. பஸ் ஓட்டிய நாளில் இருந்ததுபோல இப்போதும் அது ஐந்து நிமிடம் முன்னால்தான் ஓடும்.

அடியிலிருந்து குரல் வந்தது. "அண்ணே, எலி எப்ப கடிச்சிச்சு?"

"செவ்வாக்கிழமை. திங்கக்கிழமை வரைக்கும் நல்லா இருந்துச்சு. பாப்பாவுக்கு வலி கண்டப்பவே வண்டிய எடுக்கறேன்னேன். இவதான் ஆட்டோலயே போவோம்னு பிடிச்ச பிடியா நின்னுட்டா."

"அஞ்சு வயரையும் ஒரே மட்டத்துல கடிச்சிருக்கு. ஒண்ணுலகூட பல்லு பதியலையே?"

"என்ன சொல்ல வர்றே?"

"படிச்ச எலின்னு சொல்றேன்."

டிரைவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். சந்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த மனைவி, பிழிந்த துணியையே மறுபடி பிழிந்தாள்.

துணி சுற்றிய அந்தக் காலத்து வயர்கள். ஒரு காலத்தில் பழுப்பு, வெள்ளை, பச்சை என்று இருந்திருக்கும். இப்போது எல்லாமே சேற்று நிறம். பேட்டரியை ஒரு நிமிடம் மாட்டச் சொல்லி, சின்ன பல்பில் இரண்டு வயர் வைத்த சோதனை விளக்கால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். ஒன்றில் மட்டும் பல்பு எரிந்தது. "இவன்தான் பழுப்பு. பேட்டரிலேர்ந்து நேரா வர்றவன். இவனுக்குக் கேள்வி கேக்க ஆளே இல்ல, நடுவுல ஃபியூஸ்கூடக் கிடையாது" என்று வயரிடமே பேசினான். இன்ஜினுக்குப் பொறி தரும் காயிலுக்குப் போவது, விளக்குக்குப் போவது என்று கண்டுபிடித்து ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பிளாஸ்டர் துண்டை ஒட்டி எண் எழுதினான். சாவி ஸ்விட்ச் கருகியிருந்ததால் டிரைவர் பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்துவந்திருந்த மாற்று ஸ்விட்ச் நன்றாகத்தான் இருந்தது. மண்ணெண்ணெயில் கழுவி, பின்பக்கத்துப் பித்தளைத் திருகுகளை உப்புத்தாளால் தேய்த்தான்.

பதினொன்றரைக்குக் கை கழுவ அடுப்படிப் பக்கம் போனான். டீக்காக அவள் பால் பாக்கெட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். அவன் கை துடைத்துக்கொண்டே கத்தரிக்கோலைப் பார்த்தான். அப்புறம் கையை நீட்டி அதை வாங்கினான். அலகின் நடுவில், பட்டாணி அளவுக்கு ஒரு பள்ளம். ஓரமெல்லாம் உருகிக் கறுத்திருந்தது.

"எலி இங்கதான் குடியிருக்கா, அக்கா?"

அவள் அடுப்பை அணைத்தாள். கொட்டகைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். டிரைவர் யாரிடமோ போனில், "ரெண்டு தலைமுறையும்..." என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"தம்பி, உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். அவர்கிட்ட சொல்லிடாத." மேஜையில் நடந்தது, குடை நசுங்கியது, எல்லாவற்றையும் குரல் எழும்பாமல் சொன்னாள். "பாலத்தைத் தாண்டிப் போகணும். பதினோரு கிலோமீட்டர். போறப்ப நான் ஒருத்தி. வர்றப்ப பச்ச ஒடம்புக்காரி, மடியில நாலு நாள் பிள்ளை. எப்படி உக்காருவேன் அந்த வண்டில?"

"அவர்கிட்டயே சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லலைங்கறியா? சிரிக்கறாரு. அவருக்குத் தெரியவே தெரியாது தம்பி. அந்தக் கொஞ்ச நேரம் அவருக்கு இல்லவே இல்ல. நான் மட்டும்தான் பாக்கறேன். பாத்ததைச் சொன்னா, தூக்கமில்லாம உளர்றேங்கறாரு."

"டாக்டர்கிட்ட..."

"டயர்ல காத்து கம்மின்னா டாக்டர் எதுக்குங்கறாரு."

ஃபியூஸ் தலையைச் சொறிந்துகொண்டான்.

"நீ மாட்டற மாதிரி மாட்டு. ஆனா கிளம்பக் கூடாது. ஒரே ஒரு வயரை லூசா விட்டுடு. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவருக்குத் தெரியும்க்கா. கிளம்பலேன்னா காதை வச்சே எந்த வயருன்னு சொல்லிடுவாரு. அது கெடக்கட்டும். லூசா விட்ட வயரு கிளம்பாமயே இருக்கும்னு யாரு சொன்னா? ஒரு நேரம் கிளம்பும். பாலத்து நடுவுல போயி அணையும். பின்னால லாரி வரும். அந்த வேலைய நான் செய்ய மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, அவனே இறங்கி வந்தான். "ஒண்ணு வேணா பண்றேன். மெதுவாப் பாக்கறேன். மூணு மணிக்குள்ள முடியாது. அப்புறம் வாடகை வண்டிலதான போயாகணும்?"

அவள் அதற்குமேல் கேட்கவில்லை. அவனுக்கு டீயில் சர்க்கரை இரண்டு கரண்டி கூடுதலாகப் போட்டாள்.

அதற்கப்புறம் ஃபியூஸ் வேலை செய்த விதத்தைப் பார்த்தால் யாருக்கும் எரிச்சல் வரும். ஒவ்வொரு வயரின் நுனியையும் சீவி, ஈயம் வைத்து, ஆறும்வரை ஊதினான். சுற்றிய டேப்பைப் பிரித்து மறுபடி சுற்றினான். பேட்டரி முனைகளில் பூத்திருந்த வெள்ளைப் பொடியை வெந்நீர் ஊற்றிக் கழுவினான். இந்த வேலைக்குச் சம்பந்தமே இல்லாத ஹாரனைக் கழற்றிப் பார்த்தான். டிரைவர் முதலில் ரசித்தார். பன்னிரண்டரைக்குக் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"ஏம்ப்பா, வயர் மாட்டறியா, சடை பின்னறியா?"

"பழைய வயருண்ணே. அவசரப்பட்டா ஒடிஞ்சிடும்."

"சாப்பிட வாங்க" என்று மனைவி கூப்பிட்டாள். சோறும் அவித்த முட்டையும் வைத்தாள். டிரைவர் நின்றுகொண்டே நாலு வாய் போட்டுக்கொண்டு திரும்பி ஓடினார். தட்டில் அரை முட்டை கிடந்தது. எதையும் மிச்சம் வைத்து எழுந்திருக்கிற ஆள் இல்லை அவர்.

ஒன்றரை மணிக்குப் பாப்பா போன் செய்தாள். "அம்மா, கையெழுத்தெல்லாம் போட்டாச்சு. அப்பா கிளம்பிட்டாரா?"

"கிளம்பறோம்மா. வண்டில ஏதோ வேலை நடக்குது. இல்லேன்னா வாடகை வண்டி பிடிச்சு..."

டிரைவர் போனைப் பிடுங்கினார். "வாடகை வண்டியா? எதுக்கு? ரெண்டரைக்கு அங்க இருப்பேன் பாப்பா. நீ குழந்தைக்குக் குல்லா போட்டு ரெடியா வை." போனை வைத்துவிட்டு நேராகக் கொட்டகைக்குப் போனார். அவள் ஈரக் கையோடு பின்னாலேயே போனாள்.

"எழுந்திரு. ஸ்விட்ச் வேணாம். டைரக்டாக் குடுத்துடு."

ஃபியூஸ் அடியிலிருந்து தலையை வெளியே எடுத்தான். "என்னண்ணே?"

"பழுப்பையும் காயில் வயரையும் முறுக்கி விட்டா கரண்ட் போயிடும். ஸ்டார்ட்டர்தான் தனியா இருக்கே, இழுத்தா கிளம்பிடும். ஸ்விட்சை நாளைக்கு வந்து மாட்டு."

"அணைக்கணும்னா?"

"கியர்ல போட்டு பிரேக்க மிதிச்சிக்கிட்டு க்ளட்சை விடுவேன். அணைஞ்சிட்டுப் போகுது. எனக்கு வண்டி ஓட்டச் சொல்லித் தர்றியா?"

"அதில்லண்ணே, ஒரு அவசரம்னா..."

"தள்ளு." டிரைவர் குனிந்து பெட்டியிலிருந்து குறடை எடுத்தார். வெள்ளைச் சட்டையோடு இருக்கையில் முழங்காலை ஊன்றி, டாஷ்போர்டுக்கு அடியில் கையை விட்டு இரண்டு வயர்களையும் வெளியே இழுத்தார். பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்தார். எது எதுவென்று பார்க்காமலே அவருக்குத் தெரிந்தது. ஃபியூஸ், அவருடைய மனைவியைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்தாள். சாவியில்லாமல் ஓடுகிற வண்டியை யாரும் சட்டென்று அணைக்க முடியாது என்பது அவளுக்குப் புரிந்ததோ என்னவோ, கண்ணாலேயே வேண்டாம் என்றாள்.

"அண்ணே, குடுங்க. கால் மணி நேரம். ஸ்விட்சோடயே மாட்டிடறேன். சத்தியமா."

"பத்து நிமிஷம்."

இந்தத் தடவை ஃபியூஸின் கை உண்மையாகவே வேலை செய்தது. பழுப்பு ஒரு திருகில், காயில் ஒரு திருகில், விளக்கு வயர்கள் அதனதன் இடத்தில். ஒவ்வொன்றையும் முறுக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி ஒரு சுற்று இறுக்கினான். ஸ்விட்சைத் துளையில் நுழைத்து வளையத்தை மாட்டினான். பேட்டரி முனையைப் போட்டான். டிரைவர் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். சிவப்பு விளக்கு எரிந்தது. சோக்கை இழுத்து, குமிழை இழுத்தார். இரண்டு தடவை இருமிவிட்டு வண்டி கிளம்பிக்கொண்டது. கொட்டகைத் தகரமெல்லாம் அதிர்ந்தது.

"கேட்டியா? கேட்டியா சத்தத்த!" என்றார் டிரைவர். அவர் முகத்தைப் பார்த்தால் இருபது வயது குறைந்திருந்தது.

ஃபியூஸ் பக்கத்து இருக்கையில் ஏறி, பேட்டரி அளவுமானியின் முள் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் ரிவர்ஸ் கியர் போட்டுப் பின்னால் திரும்பினார். கொட்டகையிலிருந்து தெருக்கேட்டு வரை வண்டி அகலத்துக்கு ஒரே ஒரு சந்து. அந்தச் சந்தின் நடுவில் அவர் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.

"ஏ, நகரு. கேட்டைத் திற."

அவள் நகரவில்லை.

"நேரமாகுதுன்னு தெரியுதில்ல? நகரும்மா."

"நகர மாட்டேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். ஃபியூஸ் கழற்றிப் பூட்டிய ஹாரன் முன்பைவிடச் சத்தமாக அலறியது. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது.

"தெருவே பாக்குது. என்ன உனக்கு இப்ப?"

"வயரைக் கடிச்சது எலி இல்லீங்க. நான்தான் வெட்டினேன். கத்தரிக்கோலால வெட்டினேன்." இன்ஜின் சத்தத்துக்கு மேலே அவள் கத்த வேண்டியிருந்தது. "இனிமேயும் வெட்டுவேன். நீங்க மாட்ட மாட்ட வெட்டுவேன். எம்மேல ஏத்திட்டுப் போங்க. பிள்ளைய இதுல கூட்டிட்டு வர விட மாட்டேன்."

டிரைவரின் முகம் கறுத்தது. "நீயா? என் வண்டியையா?" கழுத்து நரம்பு புடைக்க அவர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "முப்பத்து நாலு வருஷம்... முப்பத்து நாலு வருஷத்துல ஒருத்தன் என்னைய..."

அந்த வாக்கியம் முடியவில்லை.

ஃபியூஸ் திரும்பிப் பார்த்தான். டிரைவரின் கண் கண்ணாடியிலேயே நிலைத்திருந்தது. உதடு மென்றுகொண்டிருந்தது. "அண்ணே?" என்றான். அதற்குள் க்ளட்சில் இருந்த கால் தளர்ந்து மேலே வந்துவிட்டது. சோக் இழுத்திருந்ததால் இன்ஜின் வேகமாகவே ஓடிக்கொண்டிருந்தது. வண்டி ஒரு குலுக்கு குலுக்கிவிட்டுப் பின்னால் பாய்ந்தது.

அவள் அப்போதும் நகரவில்லை. நகர முடியவில்லை என்று பிறகு சொன்னாள்.

ஃபியூஸ் டிரைவரின் மார்பின் குறுக்கே பாய்ந்து சாவியைத் திருப்பினான். சிவப்பு விளக்கு அணைந்தது. கியரில் இருந்த வண்டி தன்னையே பிடித்துக்கொண்டதுபோல அரைத்துக்கொண்டு நின்றது. பின் பம்பர் அவள் முழங்காலுக்குக் கீழே லேசாகத் தட்டியிருந்தது. அவள் டிக்கியின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நின்றாள்.

ஃபியூஸ் மனதுக்குள் எண்ணினான். பதினெட்டு, பத்தொன்பது என்று வரும்போது டிரைவரின் உதடு நின்றது. கண் இரண்டு தடவை மூடித் திறந்தது.

"...கேள்வி கேட்டதில்ல" என்று வாக்கியத்தை முடித்தார். பிறகு சத்தம் இல்லாததைக் கவனித்தார். "வண்டிய ஏன் அணைச்சே?"

அவர் திரும்பிப் பார்த்தார். சற்றுத் தள்ளி நின்ற மனைவி இப்போது பின் கண்ணாடியை ஒட்டி நின்றாள்.

"நீ ஏன் இவ்வளவு கிட்ட வந்தே?"

"நான் வரலைங்க" என்றாள் அவள். "வண்டிதான் வந்துச்சு."

டிரைவர் அவளைப் பார்த்தார், கொட்டகையைப் பார்த்தார். வண்டிக்கு முன்னால் இரண்டு முழத்துக்குப் புதிதாக இடம் கிடந்தது. எண்ணெய்க் கறை படிந்த தரை வெளியே தெரிந்தது. அவர் ஃபியூஸிடம் திரும்பினார். குரலில் அதட்டல் இருந்தது, ஆனால் கண்ணில் இல்லை. "நீ சொல்லு. க்ளட்ச் வழுக்கிடுச்சா?"

காலையிலிருந்து வீட்டு விஷயம் நமக்கெதற்கு என்று ஒதுங்கிக்கொண்டிருந்தவன் அவன். ஆம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மனிதர் நம்பியிருப்பார். நம்ப வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டார் என்பதும் தெரிந்தது.

"இல்லண்ணே. க்ளட்ச் நல்லா இருக்கு. நீங்கதான் இல்ல. பத்தொன்பது எண்ணினேன். கண்ணு தொறந்திருந்துச்சு. கூப்பிட்டேன், உங்களுக்குக் கேக்கல."

டிரைவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டையின் முதுகு முழுக்க நனைந்து ஒட்டியிருந்தது. எதிர்வீட்டு ஜன்னல் மூடிக்கொண்டது.

"கால்ல பட்டுச்சா?" என்று கேட்டார், திரும்பாமலே.

"லேசா."

"காட்டு."

இறங்கிப் போய்த் தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே ஒரு விரல் நீளத்துக்குச் சிவந்திருந்தது. அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டே இருந்தார். "குடைக்காரன் அன்னைக்கு டீ குடிக்கப் போயிருந்தான்" என்றார். வாயைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். அவள் குனிந்து அவர் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

"மணி ரெண்டாச்சு. நான் போயி முக்குல வாடகை வண்டி ஏதாவது..."

"வேணாம்." டிரைவர் சாவியை உருவி ஃபியூஸிடம் நீட்டினார். "உனக்கு ஓட்டத் தெரியுமில்ல?"

"தெரியும்ண்ணே. ஆனா இந்த வண்டி பழக்கமில்ல."

"நான் சொல்றேன். கியர் மாத்தறப்ப க்ளட்சை ரெண்டு தரம் மிதிக்கணும். இதுக்கு அப்படித்தான்."

ஃபியூஸ் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தான். டிரைவர் மனைவியோடு பின் சீட்டில் ஏறினார். கதவைச் சாத்தப் போனபோது, உள்பக்கக் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள்தான் எட்டிச் சாத்தினாள்.

பாலம் வரும்வரை அவர் வாய் ஓயவில்லை. "மெதுவா. ரெண்டாவதுக்குப் போ. காலைத் தூக்கு, க்ளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டறியே, அது என்ன செருப்பு வைக்கற எடமா?" ஃபியூஸ் "சரிண்ணே, சரிண்ணே" என்று ஓட்டினான். பாலத்தின் மேல் ஏறியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். மனைவி பயந்துபோய் அவர் முகத்தைப் பார்த்தாள். உதடு அசையவில்லை. அவர் அங்கேதான் இருந்தார். கைப்பிடிச் சுவரையும் கீழே தெரிந்த தண்ணீரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரி வாசலில் பாப்பா குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு நின்றாள். காரைப் பார்த்ததும் சிரித்தாள். முன்னால் இருந்தவனைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"யாருப்பா இது? நீ ஏன் பின்னால உக்காந்திருக்கே?"

அம்மா வாயைத் திறந்தாள். டிரைவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு இறங்கினார்.

"பாப்பா, எனக்கு அப்பப்ப நெனவு தப்புது. நாலு மாசமா. கண்ணு தொறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டேன். இன்னைக்கு வண்டிய பின்னால எடுக்கறப்ப வந்துடுச்சு. பின்னால உங்கம்மா நின்னுட்டிருந்தா."

பாப்பா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அம்மா? உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுமா எங்கிட்ட..."

"அவளைத் திட்டாத. ஒம்மேல சத்தியம் வாங்கினது நான். அவளால முடிஞ்சத அவ செஞ்சா. நானா எலின்னு நெனச்சுக்கிட்டேன்."

பாப்பாவுக்கு அது புரியவில்லை. ஆனால் அழுகை வந்துவிட்டது. "உள்ள நரம்பு டாக்டர் இருக்காரு. திங்கக்கிழமை உன்னைக் கூட்டிட்டு வருவேன். மாட்டேன்னு சொன்னே..."

"சொல்லல."

அவர் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது அவளை இன்னும் பயமுறுத்தியது. போர்வைக்குள் குழந்தை நெளிந்தது. டிரைவரின் இரண்டு கையும் தானாக நீண்டன. பாப்பா ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். அதை அவர் பார்த்துவிட்டார்.

அவர் கோபப்படவில்லை. கையை மடக்கிக்கொண்டு பின் சீட்டில் ஏறி, உள்ளே நடுவில் நகர்ந்து, முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்தார். மனைவியைப் பக்கத்தில் கூப்பிட்டார். "இப்படி வா. என் கைக்கு அடியில உன் கைய வை. ரெண்டையும்." அவள் வைத்தாள். அவர் தன் உள்ளங்கைகளை அதன் மேல் விரித்து, ஒரு தடவை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.

"இப்பக் குடு" என்றார்.

பாப்பா குனிந்து, குழந்தையை நான்கு கைகளுக்குள் வைத்தாள்.